பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

தீரன் என்று பெயர் வைத்தவர்கள் பின்னாளில் அவனைப் பார்த்திருந்தால் சற்று யோசித்திருப்பார்கள். முப்பத்தெட்டு வயதுக்குள் அவன் செய்த அதிகபட்ச வீரச்செயல், அலுவலக கேண்டீனில் காபி ஆறியிருக்கிறது என்று ஒருமுறை புகார் சொன்னதுதான். அதையும் கேண்டீன்காரர் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னான். அப்படிப்பட்டவனின் மேசைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு கோப்பு வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

மீள்காலம் நிறுவனம். தயாரிப்பு எண் நாற்பத்தேழு. தலைப்பு, 'மழை மாலை, 2001'.

அது என்ன தயாரிப்பு என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதினொரு வருடங்களாக அது அவன் தலைக்குள்தான் இருக்கிறது.

இது நடந்தது 2058இல். ஒரு பாட்டு வேண்டும் என்று நினைத்து முடிப்பதற்குள் அது காதுக்குள் பாடத் தொடங்கிவிடும் காலம். எதற்கும் காத்திருந்து பழகாத அந்தத் தலைமுறைக்குக் காத்திருப்பின் மேல் ஆசை வந்துவிட்டது. தாங்கள் பிறப்பதற்கு முந்தைய வருடங்களை நினைத்து ஏங்கினார்கள். கேசட், கரகரக்கும் தொலைபேசி இணைப்பு, வரி வரியாக இறங்கும் இணையப் பக்கம், பிரவுசிங் சென்டரின் ஆடும் நாற்காலி. ஜனங்கள் ஏங்கினால் வியாபாரி சும்மா இருப்பானா? மீள்காலம் அந்த நாட்களை நினைவாகவே செய்து தலைக்குள் வைத்துவிட்டது. வாங்கியவனுக்கு அது சொந்த அனுபவம் மாதிரியே இருக்கும். மணப்பாறையில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஞாபகம், மணப்பாறையை வரைபடத்தில்கூடப் பார்க்காதவனுக்கும் வரும்.

ஒரே நினைவு இரண்டு தலைகளில் இருந்தால் எது மூலம், எது நகல் என்று தீர்மானிப்பதற்காகத் திருச்சியில் நினைவுரிமை ஆணையம் என்று ஒன்று இருந்தது. தீரன் அதில் சரிபார்ப்பு அதிகாரி. விசாரிக்கப்போகும் தயாரிப்பைத் தானே வாங்கியிருந்தால் விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. படிவம் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. இரண்டு முறை இழுப்பறையைத் திறந்தான், இரண்டு முறையும் மூடினான். தான் விலகினால் கோப்பு வேறொருவருக்குப் போகும், அவர் படிக்காமலேயே முத்திரை குத்துவார் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். உண்மையான காரணம் அது இல்லை. தன்னுடைய அந்த மழை மாலையை இன்னொருவன் தனதென்று சொல்கிறானே, அவன் யார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த 'இன்னொருவன்' உள்ளே வந்தார். எழுபத்தொன்பது வயது. தேய்த்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் மடித்து மடித்துக் கிழியத் தொடங்கியிருந்த ஒரு கடிதம். பெயர் சகாயராஜ்.

"இந்தக் காயிதத்த எம் மவதான் படிச்சுச் சொன்னா சார். என் ஞாபகத்த நானே திருடிட்டேன்னு போட்டிருக்காம். நெசமா?"

நிறுவனத்தின் வழக்கறிஞர் மிருதுளா எதிரே உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் பேசினாள்.

"ஐயா, மறதி நோய்க்காகப் போன மாசம் ஆஸ்பத்திரியில உங்களுக்கு ஸ்கேன் எடுத்தாங்க இல்லையா? அதுல ஒரு நினைவு எங்க தயாரிப்போட அப்படியே ஒத்துப்போகுது. எங்க கலைஞர்கள் உருவாக்கின கதை அது. நீங்க வாங்கினதுக்குப் பதிவு இல்ல. அப்படின்னா யாரோ திருட்டு நகல் போட்டுவிட்டிருக்கணும். உங்க மேல தப்பு இருக்குன்னு நான் சொல்லல."

"கதையா? அது என் பொண்டாட்டிம்மா. பிலோமினா. செத்து நாலு வருசம் ஆகுது."

"அப்படி நினைக்க வைக்கறதுதான் ஐயா எங்க தயாரிப்போட சிறப்பே."

சகாயராஜ் தீரனைப் பார்த்தார். தீரன் கோப்பைப் பார்த்தான்.

"தப்புன்னு முடிவானா என்ன சார் பண்ணுவீங்க?"

"பக்கத்து அறையில கருவி இருக்கு ஐயா. அந்த ஒரு நினைவ மட்டும் எடுத்துடுவாங்க. வலிக்காது."

"அப்புறம்?"

"அப்புறம் அது உங்களுக்கு ஞாபகத்துல இருக்காது."

பெரியவர் தலையைத் தடவிக்கொண்டார். "எனக்கு இப்பவே ஒவ்வொண்ணா போயிட்டு இருக்குது. காலையில என்ன சாப்டேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. கல்யாணத்தன்னைக்கு அவ என்ன கலர் சேல கட்டியிருந்தான்னு போன வாரத்துலேருந்து ஞாபகம் வரல. அவ முகத்தோட முழுசா நிக்கிறது அந்த ஒரு சாயங்காலந்தான் சார். அதயும் எடுத்துட்டா அவ எனக்கு இல்லாமலே போயிடுவா."

மறதி நோயாளியின் வழக்கு என்பதால் அன்றே முடிவு சொல்லியாக வேண்டும். தள்ளிப்போட்டால் நினைவு கரைந்துவிடும், ஒப்பிடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நான்கு மணிக்குள் முடிவாகாவிட்டால் பதிவு செய்த நிறுவனத்துக்கே சாதகம். சுவரில் மணி இரண்டேகால்.

மறுபக்கமும் இருந்தது. பெரியவருடையதுதான் மூலம் என்று முடிவானால், மற்ற எல்லாத் தலைகளிலிருந்தும் 'மழை மாலை' முப்பது நாளில் அழிக்கப்படும். எல்லாத் தலைகளிலும் என்றால் தீரனின் தலையும் அதில் சேர்த்தி.

அவனுக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. தீரன் விடுதியில் வளர்ந்தவன். அப்பாவும் அம்மாவும் பிரிந்து ஆளுக்கொரு நாட்டில் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் விடுதி வாசலில் பெட்டியோடு உட்கார்ந்து, மற்ற பிள்ளைகளை அழைத்துப்போக வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். பொழுது சாய்ந்ததும் வார்டன் வந்து உள்ளே போகச் சொல்வார். அவன் வாழ்க்கையில் அவனுக்காக யாரும் எங்கேயும் காத்திருந்ததில்லை, அந்த ஒரு மாலையைத் தவிர. அந்த மாலையில் ஈரத் தாவணியோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மழை விட்ட பிறகும் போகாமல் நின்றாள். அது காசு கொடுத்து வாங்கியது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன? தூக்கம் வராதபோதெல்லாம் அவன் அங்கேதான் போவான்.

"சொல்லுங்க ஐயா. அன்னிக்கு என்ன நடந்துச்சு?" தீரன் கேட்டான். 

"ராகா ரெக்கார்டிங் சென்டர்னு பேரு சார். மணப்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. பாட்டு ரெக்கார்டிங் நான்தான் பாத்தேன். கேசட் வியாபாரம் படுத்துடுச்சுன்னு ஓனர் ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, பிரவுசிங் சென்டர்னு போர்டையும் மாட்டிட்டாரு. அதுக்கும் நான்தான். அன்னிக்கு டீச்சர் டிரெயினிங் ரிசல்ட்டு. பிலோ நனைஞ்சுக்கிட்டே வந்தா. நம்பரச் சொன்னா, நான் அடிச்சேன்."

"பக்கம் வர எவ்வளவு நேரம் ஆச்சு?"

"எங்க வந்துச்சு? முக்கா மணி நேரம். மழைக்கு போன் லைன் போயிட்டுப் போயிட்டு வரும். ரெண்டு வரி வரும், நின்னுடும். திரும்ப டயல் பண்ணணும், அது கீகீன்னு கத்தும். அவ நகத்தக் கடிச்சுக்கிட்டு பின்னாடியே நிக்கறா."

மிருதுளா குறுக்கிட்டாள். "எங்க தயாரிப்புல இரண்டு நிமிஷம்தான் சார். முக்கால் மணி நேரம்ங்கறது இவர் மனசு இட்டுக்கட்டினது. இந்த நோய்ல இது சகஜம்னு மருத்துவக் குறிப்பே இருக்கு."

தீரன் தலையாட்டினான். அவன் தலைக்குள்ளும் இரண்டு நிமிடம்தான். பக்கம் இறங்கும், அவள் சிரிப்பாள், பாட்டு ஒலிக்கும்.

"பாட்டு ஏதாவது?"

"இருந்துச்சு சார். ஒரு படகுப் பாட்டு. மூணு நாள்கூட ஓடாத படம். யாருக்கும் தெரியாது." பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல முனகினார். புல்லாங்குழல் தொடக்கம், பல்லவி, முதல் சரணம்.  தீரனுக்குத் தெரிந்த அதே பாட்டு. பெரியவரோடு சேர்ந்து மனசுக்குள் முனகிக்கொண்டே போனான். இரண்டாவது சரணத்தின் நடுவில் பெரியவர் சட்டென்று நிறுத்திவிட்டார். தீரனின் மனசு நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போயிற்று.

"அதுக்கப்புறம்?"

"அவ்வளவுதான் சார்."

மிருதுளா தன் குறிப்பை மேசைமேல் வைத்தாள். "இதான் சார் நான் எதிர்பார்த்தது. எங்க தயாரிப்புல பாட்டு முழுசா இருக்கு, நாலரை நிமிஷம். இவர்கிட்ட இரண்டு நிமிஷம் நாற்பத்தொரு வினாடி. திருட்டு நகல் இப்படித்தான் பாதியில அறுந்துபோகும். மூலம்னா முழுசா இருந்திருக்கும்."

தர்க்கம் கச்சிதமாக இருந்தது. முடிவு சொல்லிவிடலாம், மனசாட்சியும் குத்தாது. தீரன் பத்து நிமிட இடைவேளை அறிவித்துவிட்டு வராந்தாவுக்கு வந்தான். மணி மூன்று.

டீ இயந்திரத்தின் பக்கத்தில் மிருதுளா வந்து நின்றாள். 

"இதை வாங்கினவங்க ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் சார். அதுல சில பேர் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாளை ஓட்டறாங்க. எங்க அம்மா ஒருத்தி. அப்பா போனதுக்கு அப்புறம் அவங்க சிரிச்சு நான் பாத்தது, இதை வாங்கின அன்னிக்குத்தான்." குவளையைச் சுழற்றினாள். "பட்டியல் முழுக்க நேத்து பாத்தேன். உங்க பேரும் இருக்கு."

தீரன் டீயை அப்படியே கீழே வைத்தான்.

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. மிரட்டவும் இல்ல. ஆனா உங்களுக்கும் அது நல்ல நினைவுதானே? யாரும் தப்பு பண்ண வேண்டாம். இருக்கறது இருக்கற மாதிரியே முடிஞ்சா போதும்."

மிரட்டல் இல்லை என்று சொன்னதும்தான் அது மிரட்டல் என்று உறைத்தது. விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்த அதிகாரிக்கு என்ன தண்டனை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வேலை போகும். அவள் சொன்னபடியே செய்துவிட்டால் வேலையும் இருக்கும், அந்த மாலையும் இருக்கும். போகப்போவது ஒரு கிழவரின் ஞாபகம். அதுவும் இன்றில்லாவிட்டால் இன்னும் ஆறு மாதத்தில் தானாகவே போய்விடப்போகிறது. அப்படி நினைத்ததற்காக அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

உள்ளே திரும்பி வந்தபோது பெரியவர் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். தீரனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, இதுக்கு முன்னால உங்க தலையில யாராச்சும் கருவி வச்சாங்களா?"

"பன்னெண்டு வருசம் முன்ன, கல்யாண மண்டபத்துல ஞாபகசக்தி முகாம் போட்டாங்க. இலவசம்னாங்க. தொப்பி மாட்டி, பழசு ஏதாவது சந்தோசமா நெனைங்கன்னாங்க. நெனைச்சேன். வடையும் டீயும் குடுத்து அனுப்பிட்டாங்க."

"அப்படி ஒரு முகாம் நடந்ததுக்கு எங்ககிட்ட எந்தப் பதிவும் இல்ல" என்றாள் மிருதுளா. அவள் குரலில் முதல்முறையாகச் சின்னத் தடுமாற்றம் இருந்தது. அவளுக்கே அது புதுச் செய்தி போலிருந்தது.

மூன்று இருபது. தீரன் பேனாவை எடுத்தான், வைத்தான்.

"அந்தப் பாட்டு ஏன் ஐயா பாதியில நின்னுச்சு? மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார். கேசட் தீந்துபோச்சு."

"தீந்துபோச்சுன்னா?"

பெரியவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாத பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தார் போலிருக்கிறது.

"பாட்டு லிஸ்ட்ட எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க. ஏ சைடு அரை மணி, பி சைடு அரை மணி. அவங்க குடுத்த பாட்டு எல்லாம் போட்டும் கடைசியில ரெண்டு மூணு நிமிசம் மிஞ்சும். அத சும்மா விட்டா நல்லாருக்காது. அதனால ரெக்கார்டிங் பண்றவன் தனக்குப் புடிச்ச பாட்டு ஒண்ணப் போட்டு நிரப்புவான். எல்லாக் கடையிலயும் அதான் வழக்கம். டேப்பு எங்க முடியுதோ அங்க பாட்டு அறுந்துடும். பிலோ குடுத்த லிஸ்ட்டுல பன்னெண்டு பாட்டு. மிஞ்சினதுல இந்தப் படகுப் பாட்ட நான் போட்டேன்." அவர் முகத்தில் வெட்கம் வந்தது. "வாயத் தொறந்து சொல்றதுக்குத் தைரியம் இல்ல. பாட்டுல சொன்னேன்."

பெரியவர் தொடர்ந்தார்.

"ரிசல்ட்டு வரல, லைன் அறுந்து அறுந்து போவுது. அப்ப அவ பையிலேருந்து அந்தக் கேசட்ட எடுத்து, கடைசிப் பாட்டப் போடுங்கன்னா. போட்டேன். ரெண்டு பேரும் பேசாம கேட்டோம். டேப்பு முடிஞ்சு டெக்குல பட்டன் டக்குன்னு மேல வந்துச்சு. அப்ப என்னப் பாத்துச் சொன்னா, பாதியில விட்டுட்டீங்களேன்னு."

தீரன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பதினொரு வருடங்களாக அவன் கேட்டுக்கொண்டிருந்த வாக்கியம் அது. அவன் தலைக்குள் இருந்த மாலையில் பாட்டு முழுதாகப் பாடி ஓயும், மழைச் சத்தம் மட்டும் இருக்கும், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "பாதியில விட்டுட்டீங்களே" என்பாள். எதைப் பாதியில் விட்டோம் என்று அவனுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. வாங்கியவர்கள் கூடும் மன்றங்களில் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டையே நடந்திருக்கிறது. காத்திருந்து பழகாத பொறியாளர்கள் அறுந்த பாட்டைப் பழுது என்று நினைத்து, மீதியைத் தாங்களே இட்டுக்கட்டி ஒட்டுப்போட்டு முழுசாக்கிவிட்டார்கள். முக்கால் மணி நேரத்தையும் வீண் என்று வெட்டி எறிந்துவிட்டார்கள். அவள் சொன்னதை மட்டும் எடுக்க மனசு வரவில்லை.

இதை எல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்வது? பெரியவர் சொன்னார் என்பதற்கு மேல் சாட்சியம் இல்லை. நிறுவனம் ஆணையத்துக்குக் கொடுத்திருப்பது வெறும் காட்சிக்குறிப்பு. மூலப் பதிவைக் கேட்டால் மூன்று வாரம் ஆகும். மணி மூன்று நாற்பது.

அப்போதுதான் அவனுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது.

இரண்டாவது சரணத்தின் நடுவில், வயலின்களுக்கு அடியில், ஒரு சின்ன 'டக்'. ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். யாரோ கதவைத் தட்டுவதாகவும், மழைத்துளி தகரத்தில் விழுவதாகவும் நினைத்துக்கொள்வான். மேலே ஒட்டுப்போட்ட பாட்டு அதை மூடியிருந்ததே தவிர, எடுத்திருக்கவில்லை. கேசட் தீர்ந்து பட்டன் மேலே வந்த சத்தம் அது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் வர வழியே இல்லை.

நான்கு மணிக்குள் அதற்குக் கிடைக்கக்கூடிய ஒரே சாட்சி அவன் தலை.

மூன்று நாற்பத்தைந்து. வாயைத் திறந்தால் எல்லாம் போகும்.  பெரியவர் கடிதத்தை மறுபடியும் நான்காக மடித்துக்கொண்டிருந்தார். நினைத்துக்கொண்டிருந்தபோதே ஒரு விஷயம் அவனைக் குத்தியது. அந்தப் பெண் மழை விட்டும் போகாமல் நின்றது தனக்காக இல்லை. மணப்பாறையில் ரெக்கார்டிங் பார்த்த ஒரு பையனுக்காக நின்றாள். அந்தப் பையன் எதிரே உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கிறான்.

"பர்வீன்" என்று தொழில்நுட்ப உதவியாளரை அழைத்தான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "நினைவு வாசிப்புக் கருவியை எடுத்துட்டு வாங்க."

"ஐயாவுக்கா சார்?"

"எனக்கு."

மிருதுளா எழுந்துவிட்டாள். "சார், யோசிச்சுப் பண்ணுங்க."

"காலையிலேருந்து அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்." தீரன் பதிவுக் கருவியைப் பார்த்துச் சொன்னான். "சரிபார்ப்பு அதிகாரியான நான் இந்தத் தயாரிப்பை வாங்கியவன். விலகல் படிவத்தில் கையெழுத்திடாதது என் குற்றம். என்னிடம் உள்ள நகலைச் சாட்சியமாக வைக்கிறேன். இரண்டு நிமிடம் நாற்பத்தொன்றாவது வினாடியைப் பாருங்கள்."

பர்வீன் அவன் தலையில் கருவியின் தொப்பியை மாட்டினாள். திரையில் இரண்டு கோடுகள் வந்தன. மேலே பெரியவருடையது, கீழே தீரனுடையது. பெரியவரின் கோட்டில் இசை ஓடியது, ஒரு கூர்மையான முள் எழுந்தது, அதன்பின் மழை மட்டும். தீரனின் கோட்டில் இசை நிற்காமல் ஓடியது. பர்வீன் இசையை ஒவ்வொரு அடுக்காக உரித்தெடுத்தாள். அதே வினாடியில், அதே உயரத்தில், அதே முள் அடியில் நின்றது.

மிருதுளா திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு பெரியவரின் பக்கம் திரும்பினாள். கேட்கும்போது அவள் வழக்கறிஞராகத் தெரியவில்லை.

"ஐயா, மூலம் உங்களுதுதான்னு ஆயிடுச்சு. நீங்க சம்மதிச்சா நகல்கள் அப்படியே இருக்கலாம். அவங்க முகத்தக்கூட மாத்திட்டோம். அவங்கவங்களுக்குப் பிடிச்ச முகம்தான் தெரியும். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் ஐயா."

"முகத்த மாத்திட்டீங்கன்னா அவ யாரும்மா?" பெரியவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா அது பாதி அவளோட ஞாபகம். அவளக் கேக்காம நான் எப்படிச் சம்மதம் சொல்ல முடியும்?"

மூன்று ஐம்பத்தாறுக்குத் தீரன் கையெழுத்துப் போட்டான். சகாயராஜிடம் இருப்பதே மூலம். மற்றவை அழிக்கப்படும்.

வெளியே வாசலில் பெரியவர் மகளுக்காக நின்றுகொண்டிருந்தார். தீரன் தன் மேசைச் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான்.

"உங்க தலையிலயும் அவ இருந்தாளா தம்பி?" 'சார்' போய் 'தம்பி' வந்திருந்தது.

"இருந்தாங்க ஐயா. மன்னிச்சுக்குங்க."

"எதுக்கு அத வாங்குனீங்க? நீங்க பொறக்கறதுக்கு முன்ன நடந்த சங்கதி."

 தீரன் சொல்லிவிட்டான். "யாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்ததில்ல ஐயா. அதுல மட்டும் ஒருத்தங்க காத்துக்கிட்டு இருந்தாங்க."

 பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்தக் கிழிந்த கடிதத்தின் பின்பக்கத்தை நீட்டினார். "உங்க அட்ரஸ எழுதுங்க. பெருசா எழுதுங்க, எனக்குக் கண்ணும் சரியில்ல, ஞாபகமும் சரியில்ல."

இருபத்தெட்டாம் நாள் தீரனின் முறை வந்தது. வலிக்கவில்லை. வெளியே வந்தபோது, எதையோ எடுக்க ஒரு அறைக்குள் போய்விட்டு எதற்காகப் போனோம் என்று தெரியாமல் நிற்பது போலிருந்தது. ஒரு பெரியவர் வந்தது, தான் தீர்ப்பு எழுதியது, வேலை போனது எல்லாம் தெரிந்தது. எதைப் பற்றிய தீர்ப்பு என்பது மட்டும் போய்விட்டது. கையிலிருந்த தீர்ப்பு நகலில் அந்தப் பகுதிகளைக் கறுப்படித்திருந்தார்கள். இரவுகளில் தூக்கம் வராதபோது போவதற்கு ஓரிடம் இருந்தது என்ற உணர்வு மட்டும் மிச்சம் இருந்தது. அது எந்த இடம் என்று தேடித் தேடி அலுத்துப்போனான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று, புது பேட்டரியோடு. கடைசிக்குச் சற்று முன்வரை சுற்றி வைத்த ஒரு கேசட். 'தம்பிக்கு' என்று நடுங்கும் எழுத்தில் ஒரு சீட்டு. பட்டனை எப்படி அழுத்துவது என்று படம் வேறு வரைந்திருந்தது.

அழுத்தினான். புல்லாங்குழல். ஏதோ ஒரு படகுப் பாட்டு. அவன் கேட்டதே இல்லை. பல்லவி நன்றாக இருந்தது, முதல் சரணம் அதைவிட நன்றாக இருந்தது. இரண்டாவது சரணத்தில் பாடகர் குரலை உயர்த்தி எங்கேயோ கூட்டிக்கொண்டு போகும்போது, 'டக்'. பட்டன் மேலே வந்துவிட்டது.

திருப்பிப் போட்டான். மறுபக்கம் காலி. வலையில் தேடினான், அப்படி ஒரு பாட்டே இல்லை என்றது. அவனுக்குக் கோபம் வந்தது. பிறந்ததிலிருந்து எந்தப் பாட்டும் அவனிடம் இப்படி நடந்துகொண்டதில்லை. மறுநாள் பல் துலக்கும்போது அந்த அறுந்த வரி வந்தது. சாப்பிடும்போது வந்தது. அடுத்து என்னவாக இருக்கும் என்று தானே நான்கைந்து விதமாகப் பாடிப் பார்த்தான், எதுவும் சரியாக இல்லை. சனிக்கிழமை காலை பொறுக்க முடியாமல் மணப்பாறைக்குப் பஸ் ஏறினான்.

பார்சலின் மேல் இருந்த முகவரியைக் கேட்டுக் கேட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும் அவரைப் பார்த்துவிட்டான். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, தேய்த்த வெள்ளைச் சட்டை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவனைக் கண்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வந்துட்டீங்களா தம்பி? மூணு நாளா இங்கயேதான் உக்காந்திருக்கேன். எதுக்கு உக்காந்திருக்கேன்னு நடுவுல மறந்துடுது. மவதான் எழுதி ஒட்டிட்டா." கதவைக் காட்டினார். 'திருச்சியிலிருந்து தம்பி வருவார்' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

தீரன் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தான்.  பிறகு பையிலிருந்து கேசட்டை எடுத்து நீட்டி, வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் கொஞ்சத்தைக் குரலில் கொண்டுவந்தான்.

"என்னங்க ஐயா இது? பாதியில விட்டுட்டீங்களே."

பெரியவர் அப்படியே நின்றுவிட்டார்.  கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

தீரன் பதறிப்போனான். "தப்பா ஏதாச்சும் சொல்லிட்டேனா ஐயா?"

"இல்ல தம்பி. சரியாத்தான் சொன்னீங்க." அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். "டீ குடிங்க, சாப்பிடுங்க. மீதிப் பாட்டு இன்னிக்குக் கிடையாது."

"அப்புறம் எப்ப?"

"அடுத்த சனிக்கிழமை வாங்க" என்றார் பெரியவர்.